மணிக்கட்டை நீட்டுகிறவர்கள்

மார்ச் 4, திங்கள்

இன்றும் ஒருவர் என் மேஜையிலிருந்து எழுந்து போனார். தெருவுக்குப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பின் மேஜைக்குப் போய் மூத்தார் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

நான் செய்த குற்றம், "என்ன தொந்தரவு?" என்று கேட்டதுதான்.

டயர்க் கடைக்காரர், அறுபது வயதிருக்கும். வந்தார், உட்கார்ந்தார், மணிக்கட்டைக் குட்டித் தலையணை மேல் வைத்தார், உதட்டை இறுக்கிக்கொண்டார். நான் மறுபடி கேட்டேன்.

"நீங்கதானே வைத்தியரம்மா? நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

"நானே சொல்லிட்டா நீங்க எதுக்கு? என் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் படுத்துக்குவேனே."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் எழுந்து போனார். மூத்தார் மூன்று விரலை வைத்தார், கண்ணை மூடினார், சாமி வந்தவர் மாதிரி தலையை லேசாக ஆட்டினார். "வலது தோள். ராத்திரி தூக்கமில்ல. வீட்டுல பெரிய பையனோட ஒத்துவரல." அந்த ஆள் கண் கலங்கிவிட்டார். பெரிய பையன் எந்த விரலுக்குக் கீழே துடித்தான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வரிசை பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

எல்லாம் இந்த முன் மேஜைக்காக. தெருவிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது இதுதான். இதில் உட்கார்கிறவர்தான் சோலோன் பேட்டையில் இந்த மருந்துக் கடையின் வைத்தியர், மற்றவர் கூடமாட இருப்பவர். மாமனார் சாகும் முன் இதை எனக்குக் கொடுத்தார், பல்கலைக்கழகத்தில் ஆறு வருஷம் நம் வைத்தியத்தை முறையாகப் படித்தவள் என்று. மூத்தார் தோவான் அவர் மூத்த மகன், என் புருஷனின் அண்ணன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்தே கற்றவர். அப்பா உயிரோடு இருந்தவரை மேஜையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் செத்த பிறகு என்னிடம் பேச ஆரம்பித்தார். "சந்திரக் கணக்குல ஏழாம் மாசம், அவரோட முதல் வருஷத் திதி வரட்டும். அன்னிக்குச் சொல்றேன், யாரு எங்கன்னு" என்று மாமியார் எங்கள் இருவர் வாயையும் அடைத்து வைத்திருக்கிறாள். அதுவரை நான் முன்னால், அவர் பின்னால். தோற்றால் எனக்கு மாடி அறை. வலிக்கு மெல்லிய ஊசி குத்தலாம், மூலிகைச் சூடு வைக்கலாம், மருந்து எழுதக் கூடாது.

மாடிக்குப் போக மாட்டேன்.

மார்ச் 5

இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

மார்ச் 11, திங்கள்

கடையில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரும் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் வருஷம் முதல் வாரமே எங்களுக்குச் சொன்னது: ஆளைப் பார். குரலைக் கேள், வாடையை முகர். வாயைத் திறந்து விசாரி. கடைசியாகத்தான் தொட்டு நாடி பார். இந்த மனிதர் முதல் மூன்றையும் குப்பையில் போட்டுவிட்டுக் கடைசியை மட்டும் வைத்துக்கொண்டு சாமியாடுகிறார். நாடி பேசும். நான் இல்லையென்று சொல்லவில்லை. உடம்பு குளிர்ந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா, தளர்வா, இறுக்கமா என்று சொல்லும். மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனதைச் சொல்லாது.

பிறகு இவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? நான் படித்ததில் ஏதாவது விட்டுப்போனதா? இந்தச் சந்தேகம் வந்த அன்றே எனக்கு அவர் மேல் இன்னும் எரிச்சல் கூடியது.

மார்ச் 19, செவ்வாய்

பிடித்துவிட்டேன்! இத்தனை நாளும் என் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, சே.

ஓரகத்தி தியெப், மூத்தாரின் மனைவி, வாசல் பக்கம் டீ ஊற்றுவாள், மருந்து நிறுப்பாள், புருஷனைத் திட்டுவாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை திட்டுவாள். வாய் அப்படி என்று நினைத்திருந்தேன். இன்று எனக்கு ஆள் வராததால் சும்மா உட்கார்ந்து காது கொடுத்தேன்.

"ஏங்க, எந்திரிச்சதிலேருந்து மூட்டு மூட்டுன்னு முனகுறீங்களே, படி இறங்காதீங்கன்னா கேக்குறீங்களா?" அடுத்து மூத்தார் பார்த்தது ஒரு தையல்காரியை. மூட்டு வலி. படி இறங்கும்போது அதிகம்.

கொஞ்ச நேரம் கழித்து: "மிளகாயை அள்ளித் தின்னுட்டு வயிறு எரியுதுன்னா எப்படி? பொண்ணு கல்யாணக் கவலையை எல்லாம் வயித்துலயே போட்டுக்கிட்டா இப்படித்தான்!" மூத்தாருக்குப் பெண்ணே கிடையாது. அடுத்து உட்கார்ந்த மீன்காரருக்கு இருக்கிறது.

பெண்கள் சமாச்சாரத்தைப் புருஷன் தலையில் கட்ட முடியாதல்லவா? அதற்கு வேறு வழி. "மீத்தோவுல என் தங்கச்சிக்கு மாசா மாசம் தள்ளித் தள்ளிப் போகுதாம். ஒரு வார்த்தை விசாரிச்சீங்களா நீங்க?" அவளுக்குத் தங்கையும் கிடையாது.

டீயைக் கொடுத்துக் கதை பிடுங்குவது இவள். திட்டிக்கொண்டே அதைப் பின் மேஜைக்கு அனுப்புவது இவள். கண்ணை மூடிக்கொண்டு நாடியில் கண்டதாகச் சொல்வது அவர். ஒரே காலையில் அந்த மனிதருக்கு மூட்டு, வயிறு, தோள், காது இரைச்சல்! இவ்வளவும் இருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். இதில் வரிசையில் இருப்பவர்கள் 'பாவம், நல்ல வைத்தியருக்கு இப்படி ஒருத்தி வாய்ச்சிருக்காளே' என்று உச்சுக் கொட்டுகிறார்கள்.

மார்ச் 20

நேரே கேட்டுவிட்டேன். அவள் மத்தியானம் வலை ஊஞ்சலில் படுத்திருந்தாள்.

"அக்கா, நீங்க செய்றது ஏமாத்து வேலை."

"எது?"

"நீங்க கேட்டு வாங்குறதை அத்தான் நாடியில பார்த்த மாதிரி சொல்றது."

கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "நான் என் புருஷனைத் திட்டுறேன். உன் புருஷன் கப்பல்ல இருக்கான், திட்டக் கைக்கு எட்டலன்னு பொறாமையா?"

"நானும் நீங்க கேக்குறதைத்தானே கேக்குறேன்? வர்றவங்க என்கிட்ட ஏன் சொல்ல மாட்டேங்குறாங்க?"

"நீ போலீஸ் மாதிரி கேக்குற. பேரு என்ன, எத்தனை நாளா, மலம் எப்படிப் போகுது... பேனாவைத் தூக்கிக்கிட்டு. நான் டீயைக் குடுத்துட்டு, யாரு வண்டியில வந்தீங்க, மருமக என்ன சமைச்சான்னு கேக்குறேன். உன்கிட்ட சொன்னா அது காகிதத்துல ஏறி உக்காந்துக்கும். என்கிட்ட சொன்னா டீயோட உள்ள போயிடும்."

"திதி அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்."

"சொல்லு. நல்லா சத்தமா சொல்லு. மைக்கு வேணும்னா வாடகைக்கு எடுத்துத் தர்றேன்."

மேஜைக்குத் திரும்பினேன். எனக்கு ஏன் அந்த நேரத்தில் பதில் வருவதில்லை? இப்போது நூறு வருகிறது.

ஏப்ரல் 3, புதன்

என் வீட்டுக்காரரின் கப்பல் சிங்கப்பூரில் நிற்கிறதாம், போன் பண்ணினார். எல்லாம் சொன்னேன். "அண்ணன்கூட எதுக்கு மல்லுக்கட்டுற? மாடி அறையில ஏசி இருக்கு" என்றார். ஏசி! போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 27, சனி

மூத்தாரும் தியெப் அக்காவும் கல்யாணத்துக்கு மீத்தோ போயிருக்கிறார்கள். இல்லாத தங்கையின் கல்யாணமோ என்னவோ. நாள் முழுக்கக் கடை என்னுடையது. திட்டுச் சத்தமில்லாமல் கடை கோயில் மாதிரி இருந்தது.

சந்தை முனையில் நூடுல்ஸ் வண்டி போடும் ஆறாம் அத்தை வந்தாள். வீட்டில் ஆறாவதாகப் பிறந்தவள் என்று தெருவே அப்படித்தான் கூப்பிடும். ஹுவே என்ற சொந்தப் பெயர் சீட்டு எழுதும்போதுதான் எனக்குத் தெரிந்தது. கால் இரண்டும் கனத்து, கெண்டைக்காலில் நரம்பு நீலமாக முடிச்சுப் போட்டிருந்தது. உட்கார்ந்தாள், மணிக்கட்டை நீட்டினாள், மூத்தாரைத் தேடிப் பின் மேஜையை எட்டிப் பார்த்தாள்.

"அவர் இல்ல அத்தை. நான்தான். கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாத்தான் மருந்து" என்றேன். வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன்.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். இதயத்தில் ஏதாவது? "இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கிறதுதான்." ஆஸ்பத்திரி மருந்து ஏதாவது? தலையை ஆட்டினாள், இல்லையென்று. எழுதிக்கொண்டேன். எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு முறைப்படி நாடி பார்த்தேன். தேங்கிய ரத்தத்தை ஓடவைக்கிற சரக்குகள் மூன்று, குசும்பாப்பூ கொஞ்சம் தூக்கலாக. சாயங்காலம் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

கேட்டு, எழுதி, பார்த்து, மருந்து கொடுத்தேன். வைத்தியம் என்றால் இப்படி இருக்க வேண்டும். மூத்தார் வந்து பார்க்கட்டும்.

மே 10, வெள்ளி

ஆறாம் அத்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பல் ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லையாம். தொடையில் கருநீலமாகத் திட்டுத் திட்டாக. தியெப் அக்காதான் சந்தையிலிருந்து சேதி கொண்டுவந்தாள்.

மூத்தார் வரிசையில் ஆள் இருக்கும்போதே கத்தினார். "என்ன குடுத்த? கேள்வி கேட்டுக் கேட்டே ஒரு உசுரைக் கொல்லப் பாத்தியே!"

"கேட்டேன். இல்லைன்னு சொன்னாங்க. எழுதி வச்சிருக்கேன், பாருங்க!"

சீட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். 'ஆஸ்பத்திரி மருந்து: இல்லை.' என் கையெழுத்து, அன்றைய தேதி. அவர் பார்க்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அது போதும் எனக்கு.

போதுமா?

மே 11, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பையன், டாக்டராம். நான் யாரென்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"அவங்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கா இல்ல. ரத்தம் உறையாம இருக்க வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடுறாங்க. அதுமேல நீங்க வேற அதே வேலை செய்யற இலைதழையை ஊத்தியிருக்கீங்க. இதையெல்லாம் கேக்க மாட்டீங்களா?"

கேக்க மாட்டீங்களாவாம். என்னிடம்! ஊரெல்லாம் கேள்வி கேட்கிறாள் என்று என்னைக் கரித்துக்கொட்டுகிறது, இவன் கேக்க மாட்டீங்களா என்கிறான். சீட்டு பையில் இருந்தது. காட்டவில்லை. ஏனோ கை போகவில்லை.

அத்தை வெளுத்துப் போய்ப் படுத்திருந்தாள். ஆனாலும் வாய்க்குக் குறைவில்லை.

"அன்னிக்கு நான் கேட்டேனே அத்தை, ஆஸ்பத்திரி மருந்து உண்டான்னு?"

"ஒரு வைத்தியர் வீட்டுல உக்காந்துக்கிட்டு இன்னொரு வைத்தியர் மருந்தைப் பேசுவாங்களா? மரியாதை தெரியாதவளா நான்? காலையில அவங்க மாத்திரை, சாயங்காலம் உங்க கஷாயம். ரெண்டையும் ஒண்ணையொண்ணு கண்ணுல காட்டலையே நான்!"

"இதயத்துல கோளாறு இருக்குன்னாவது சொல்லியிருக்கலாமே."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதான் கையை உங்ககிட்டயே குடுத்திருந்தேனே வைத்தியரம்மா. அவ்வளவு நேரம் பிடிச்சிருந்தீங்க. அது சொல்லலையா?"

மே 12

சொன்னது.

மே 14, செவ்வாய்

இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

அவள் நாடி தடுமாறியது. ஓடும், நிற்கும், யோசிக்கும், மறுபடி அவசரமாக ஓடும். எந்த மாணவனுக்கும் புரியும். எனக்கும் அன்றே புரிந்தது. வெயிலில் வண்டி தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள், அதனால்தான் என்று ஒதுக்கினேன். இதயம் பற்றிக் கேட்டாயிற்று, பதில் எழுதியாயிற்று, அப்புறம் விரல் என்ன சொல்வது? விரல் சொல்வது பின் மேஜைக்காரருடைய வித்தை. அதை நான் நம்பினால் அவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று... ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். அந்த நிமிஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு காலியாக இருந்த பின் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 30, வியாழன்

மழை தொடங்கிவிட்டது. கடைக்குள் கணுக்கால் தண்ணீர்.

அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள், பிழைத்துவிட்டாள். என் மேஜைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிற ஒருவரிருவரும் "மருந்து வேண்டாம், ஊசி மட்டும் போடுங்க" என்கிறார்கள். மூத்தார் தெருவில் ஒருவரையும் விடவில்லை போலிருக்கிறது.

என் வீட்டுக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன், நாடி தடுமாறியதையும் சேர்த்து. முதல்முறையாக உருப்படியாக ஒன்று சொன்னார். "நீ கேட்ட, அவங்க இல்லைன்னாங்க, எழுதின. அதோட நிறுத்திக்கோ. நாடி கீடின்னு யார்கிட்டயும் வாயைத் திறக்காத. திதி அன்னிக்கு அந்தச் சீட்டை எடுத்துக் காட்டு. உன்னை ஒருத்தரும் அசைக்க முடியாது."

சரிதான். அசைக்க முடியாது.

ஜூலை 16

தியெப் அக்கா டீ டம்ளரை என் மேஜையில் நங்கென்று வைத்தாள். "இந்த மேஜை தெருவைப் பாத்து இருக்கறது நல்லதாப் போச்சு. ஆள் இல்லாட்டியும் வேடிக்கை பாக்கலாம்." நானும் விடவில்லை. "நல்லா இன்னிக்கே பேசிக்கோங்க அக்கா. திதிக்கு அப்புறம் திட்டறதுக்குப் புது வியாதி தேட வேண்டியிருக்காது." அவள் சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

திதி முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், நாளைக்கு மாற்றி எழுதத் தோன்றும்.

பாகற்காய் சூப்பும் இளநீரில் வேகவைத்த பன்றி இறைச்சியும் மாமனாரின் படத்துக்குப் படைத்துவிட்டு எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்தோம். மாமியார் நடுவில். மூத்தார் பந்தி முடியும் வரைகூடப் பொறுக்கவில்லை. ஆறாம் அத்தை கதையை எடுத்தார். நான் எழுந்து சீட்டைக் காட்டினேன். மாமனாரின் தம்பி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "கேட்டுத்தானே எழுதியிருக்கா? நோயாளி பொய் சொன்னா வைத்தியர் என்ன பண்ணுவா?" என்றார். நாலைந்து தலைகள் ஆடின. மூத்தார் முகம் சுருங்கியது. அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும் நான்.

உட்காரவில்லை. இத்தனை மாதம் நெஞ்சில் வைத்திருந்தது.

"நான் கேட்டேன். அத்தான் யாரையும் கேக்கறதே இல்ல! அக்கா டீ குடுத்து வாயைப் பிடுங்கித் திட்டற மாதிரி சொல்லுவாங்க, இவரு கண்ணை மூடிக்கிட்டு நாடின்னு சொல்லுவாரு. இத்தனை நாளும் நடந்தது நாடகம்!"

 மாமியார் வாயிலிருந்த எலும்பை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"உன் மாமனாரை நாப்பது வருஷம் திட்டியிருக்கேன். சும்மாவா திட்டினேன்? மனுஷன் தங்கமானவரு. தெருவே என்னை ராட்சசின்னு பேசுச்சு. வைத்தியருக்குப் பேரு, எனக்கு வசவு. தியெப்புக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு நெனச்ச?"

தியெப் அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. மாமனார்கூடவா! எனக்கு மேஜை கொடுத்த மனிதரும்!

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. அவரு என் பேச்சையும் கேப்பாரு, கையையும் கேப்பாரு. ரெண்டும் ஒத்துவரலன்னா மருந்து எழுத மாட்டாரு. இப்பச் சொல்லு. அன்னிக்கு அவ கையைப் பிடிச்சப்ப என்ன தெரிஞ்சுது உனக்கு?"

'ஒண்ணும் தெரியல அத்தை' என்றால் போதும். சீட்டு என் கையில். மாமனாரின் தம்பி என் பக்கம். யாராலும் நிரூபிக்க முடியாது, அந்த நாடி என் விரலைத் தவிர யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரர் போனில் சொன்னதுகூட ஞாபகம் வந்தது. ஆறாம் அத்தை வெளுத்துப் படுத்திருந்த முகமும் வந்தது.

"தடுமாறுச்சு" என்றேன்.

"தெரிஞ்சும் ஏன் விட்ட?"

"கோவம்." சீட்டை மடித்தேன். "அத்தான் மேல இருந்த கோவம்."

"அப்ப நீ அவ கையைப் பிடிக்கல. தோவான் கழுத்தைப் பிடிச்சிருந்திருக்க." சூப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மாடிக்குப் போ."

மூத்தார் சத்தமாகச் சிரித்தார். "நீ சிரிக்காத. உன் விரலுக்கு அதுகூடத் தெரிஞ்சிருக்காது" என்றாள் அவரைப் பார்த்து. பிறகு எதற்கு அவருக்கு மேஜை? அவருக்குத் தியெப் இருக்கிறாள், அவ்வளவுதான். நியாயம் கேட்டால் இந்த வீட்டில் சோறு ஆறிவிடும்.

அழவில்லை. பாத்திரம் கழுவும்போது கொஞ்சம்.

செப்டம்பர் 2

மாடி. ஏசி ஓடவில்லை.

செப்டம்பர் 11, புதன்

ஒரு விஷயம். இங்கே வருகிறவர்கள் குப்புறப் படுக்கிறார்கள். முதுகில் ஊசி, முகம் கட்டிலின் ஓட்டைக்குள். என் கையில் பேனா இல்லை, ஊசிதான். நான் எதையும் கேட்பதில்லை, கேட்டு என்ன, மருந்தா எழுதப் போகிறேன்? அந்த டயர்க் கடைக்காரர் இன்று வந்தார். வரிசையைச் சிரிக்க வைத்துவிட்டு எழுந்து போனவரேதான். ஊசி ஏறிய கொஞ்ச நேரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். பெரிய பையன் சூதாடுகிறான். கடையைத் தன் பேருக்கு எழுதிக் கேட்கிறான். தோள்வலி அவனைத் தடுக்கப் போய்க் கீழே விழுந்ததில் வந்தது. பெண்டாட்டிக்கே தெரியாது என்றார். மூத்தார் நாடியில் பார்த்தது இதில் பாதிகூட இல்லை.

இத்தனை நாளும் முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்டேனே என்று ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 20

கீழே தியெப் அக்கா புருஷனைத் திட்டுவது மாடி வரை கேட்கிறது. "காலையில ஆஸ்பத்திரி மாத்திரையை முழுங்கிட்டு, சாயங்காலம் கஷாயம் குடிச்சா, ரெண்டும் வயித்துக்குள்ள சந்திக்காதா? எனக்கு மறைச்சா உடம்புக்கு மறைக்க முடியுமா?"

என் கேள்வி அது. திருடி.

அக்டோபர் 8, செவ்வாய்

ஆறாம் அத்தை வந்தாள். மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறாள், கீழே மூத்தார், "அத்தை, அது ஊசி அறை! வைத்தியம் இங்க!" என்று கூப்பிடுகிறார். "உன் வைத்தியம் உன்கிட்டயே இருக்கட்டும்ப்பா, நான் கொஞ்சம் காலை நீட்டிப் படுக்கணும்" என்றாள்.

ஊசியை எடுக்கவில்லை நான். அவளுக்கு ஊசி முனை பட்டால்கூட யோசிக்க வேண்டும். உப்பை வறுத்துத் துணியில் கட்டிக் காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். எல்லோரையும் போல அவளும் குப்புறப் படுத்தபடி தரையிடம் பேச ஆரம்பித்தாள். நூடுல்ஸ் விலை, மழை, மகன். பேச்சோடு பேச்சாக, "வாயெல்லாம் ரத்தமாப் பாத்ததிலேருந்து அந்த மாத்திரை டப்பாவைப் பாத்தாலே குமட்டுது" என்றாள்.

ஒத்தடத்தை நிறுத்தினேன். ஒன்றும் கேட்காமல் தொங்கிக்கொண்டிருந்த கையை எடுத்து விரல் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேனா தெரியவில்லை, மூடியிருக்கலாம். போன தடவையைவிட மோசம். ஓடுகிறது, விழுகிறது, எழுந்து இன்னும் வேகமாக ஓடுகிறது.

"எந்திரிங்க அத்தை. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"காலுக்குத்தானே வந்தேன்?"

"காலும் கூட வரட்டும்."

ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். அதே கண்ணாடிக்காரப் பையன். என்னைப் பார்த்ததும் "மறுபடி என்ன குடுத்தீங்க?" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டேன். அத்தை முன்னால் உட்கார்ந்தான், பேனாவைத் திறந்தான்.

"மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேனே" என்றாள் அத்தை, கூசாமல்.

அவன் எழுதினான். அவன் தலை குனிந்து எழுதிய விதத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த விதம் தெரியும்.

"பேனாவைக் கீழ வைங்க தம்பி" என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். "கையைப் பிடிங்க. உங்க மெஷினெல்லாம் அப்புறம்."

என்னை அடித்துவிடுவான் போலப் பார்த்தான். நானும் பார்த்தேன். பிறகு, அந்த வரிசைக்குப் பயந்தோ என்னவோ, பேனாவை வைத்துவிட்டு அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தான். கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். அவன் முகத்திலிருந்து கோபம் இறங்குவது தெரிந்தது. 'மாத்திரையை நிறுத்திட்டீங்கதானே?' என்று அடுத்துக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன், பதிலையும் எழுதியிருப்பேன்.

கையை விடாமல், "ரொம்ப பயந்துட்டீங்களா அத்தை?" என்றான்.

அத்தை முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"செத்துப் போயிடுவேன்னு நெனச்சேன்ப்பா" என்று சொல்லிவிட்டு, அந்த மாத்திரை டப்பாவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்பதிலிருந்து ஆரம்பித்தாள்.